மனசை அளக்கும் பெட்டியோடு பேராக்கில்

என்னை மலாய் நாட்டுக்குக் கப்பல் ஏற்றியது வயிற்றுப்பாடு அல்ல. எங்கள் கல்லூரிப் பேராசிரியருக்குத் தனியாக ஓர் அறை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

விஷயம் இது. எங்கள் கல்லூரியில் மனோதத்துவம் என்ற பாடம் தத்துவ இலாகாவின் கடைசித் தாளாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. ஆத்மாவை வருஷம் முழுக்க விசாரித்துக் களைத்த பிறகு, பரீட்சைக்கு முன்னால் நேரம் மிஞ்சினால், மனத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்வார்கள். இந்த அவமானம் எங்கள் பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. ஜெர்மனியில் ஒரு பெரியவர் எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே இதற்கென்று ஒரு சோதனைச்சாலை திறந்து, தத்துவத்திடமிருந்து பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டார். அமெரிக்காவில் ஊருக்கு ஒன்று திறந்துவிட்டார்கள். கல்கத்தாவில்கூடத் தனித் துறை வந்தாயிற்று. நாம் மட்டும் இன்னும் தத்துவக்காரர் வீட்டில் கடைசிப் பந்திக்குக் காத்திருப்பதா என்று கேட்டார். கேட்டவர் அதே தத்துவ இலாகாவில் தலை நரைக்கும் வரை சம்பளம் வாங்கியவர்.

பாகம் பிரிப்பதென்றால் சும்மாவா? கல்லூரிக் கமிட்டி அவரைக் கூப்பிட்டு விசாரித்தது.

"தத்துவக்காரர்கள் செய்யாத எதை நீங்கள் செய்யப்போகிறீர்கள்?"

"அளக்கப்போகிறோம்" என்றார் பேராசிரியர்.

"எதை?"

"மனத்தை."

"யாருடைய மனத்தை?"

இங்கேதான் கொஞ்சம் தடுமாறினார். மாணவர்களை அளக்கலாம் என்றார். அளக்க அங்கே ஏதாவது இருக்க வேண்டுமே என்றார் ஓர் உறுப்பினர். மலாய் நாட்டுப் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பங்கு வைத்திருந்த இன்னோர் உறுப்பினர் அந்த நேரம் பார்த்து, "என் தோட்டத்தில் நம் ஜனங்கள் ஏராளமாக இருக்கிறார்கள். ஒரு ஆளை அனுப்பி அளந்துகொண்டு வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றார். பேராசிரியருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் கேட்கவில்லை. இலாகாவில் ஆகக் கீழ்ப்படியில் இருந்தவன் நான். தனித் துறை வந்தால் எனக்கு விரிவுரையாளர் பதவி என்று ஆசை காட்டி, கையில் ஒரு பெட்டியைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தப் பெட்டி ஜெர்மன் சரக்கு. உள்ளே ஒரு சின்ன விளக்கு, ஒரு விசை, வேகமாகச் சுற்றும் முள் வைத்த ஒரு பித்தளைக் கடிகாரம். விளக்கு எரிந்தவுடன் எதிரே உட்கார்ந்திருப்பவர் விசையை அமுக்க வேண்டும். இடையில் போன நேரத்தை முள் காட்டிவிடும். கண் பார்த்து, மனம் அறிந்து, விரல் இறங்க ஆகும் நேரம் அது. அதுதான் மனத்தின் அளவு. ஆத்மா, மோட்சம் எல்லாவற்றையும் தத்துவக்காரர்களே வைத்துக்கொள்ளட்டும் என்பது எங்கள் கட்சி.

கப்பலைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. எனக்கு இரண்டாம் வகுப்பில் ஒரு படுக்கை. மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் நம் ஜனங்கள் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்தார்கள். இரண்டாம் வகுப்பில் கொடுத்த சாம்பார் எந்தக் கடலில் எடுத்தது என்று தெரியவில்லை. என் பெட்டியின் மேல் ஒரு புண்ணியவான் கோழிக் கூண்டை வைத்துவிட்டார். பினாங்கு வந்து சேர்ந்தபோது மனோதத்துவத்தின் மேல் நிறைய எச்சம் இருந்தது.

பினாங்குச் சுங்கத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். முள் சுற்றுவதைக் கண்டு வெடிகுண்டோ என்று ஓரடி பின்வாங்கினார். இது என்ன செய்யும் என்று கேட்டார். "ஒரு மனிதர் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று காட்டும்" என்றேன். உடனே மூடி, சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு, போகச் சொல்லிவிட்டார். மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை.

மறுநாள் ரயில். எதிரே ஒரு ராவுத்தர் உட்கார்ந்திருந்தார். ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், ராமநாதபுரம் பக்கத்து ஆள், கலகலப்பான மனிதர். கோலா கங்சார் தாண்டும் வரை தேங்காய் விலை, ஈய விலை, சீனர்களின் சாமர்த்தியம் என்று பேசிக்கொண்டே வந்தார்.

"தம்பி எந்தப் பக்கம் போறீங்க?"

"தஞ்சோங் ரம்புத்தான் பக்கம்" என்றேன். நான் போகவேண்டிய தோட்டம் அந்த ஊருக்கு அருகில்தான் இருந்தது.

ராவுத்தரின் முகம் சட்டென்று இளகிவிட்டது. அந்த நாட்டில் தஞ்சோங் ரம்புத்தான் என்றால் ஒரே ஒரு பொருள்தான். மனநிலை தவறியவர்களுக்கான பெரிய ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. இது எனக்கு அப்போது தெரியாது.

"கூட யாரும் வரலியா தம்பி? தனியாவா அனுப்பிச்சாங்க?" என்றார் மெதுவாக.

"தனியாகத்தான். ஒரு சோதனைக்காக வந்திருக்கிறேன். மற்றவர்களுடைய மனத்தைப் பரிசோதிக்கிற வேலை."

"ஆமா ஆமா, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஒண்ணும் பயப்படாதீங்க. நல்லா ஆயிரும்."

அதற்குப் பிறகு என்னிடம் அவர் காட்டிய பிரியத்தை என் சொந்த மாமன்கூடக் காட்டியதில்லை. ஒரு பெரிய பம்பளிமாஸ் பழத்தை உரித்து, கத்தியை எனக்குத் தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டு, சுளை சுளையாகக் கொடுத்தார். நம் ஊர்ப் பம்பளிமாஸ் அதன் கால் தூசிக்கு வராது. தஞ்சோங் ரம்புத்தான் நிலையத்தில் வண்டி நின்றபோது என்னை அழைத்துப்போக யாராவது வருகிறார்களா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. தோட்டத்து ஆள் ஈப்போவுக்குத்தான் வருவார், நான் அங்கேதான் இறங்க வேண்டும் என்றதும் ஒரு பெருமூச்சு விட்டார்.

ஈப்போ பணக்கார ஊர். சுற்றிலும் செங்குத்தான சுண்ணாம்பு மலைகள், நடுவே ஈயம் தோண்டிய வெள்ளை மணல் மேடுகள். ரயில் நிலையத்தைப் பார்த்தால் ஏதோ சமஸ்தானத்து அரண்மனை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றத் தோன்றும். ராவுத்தர் என்னைக் கையோடு தம் கடைக்கு இழுத்துப்போய், சோறும் மீன் குழம்பும் போட்டார். குழம்பு அபாரம். அதன்பின் வந்த கோப்பி என்ற கறுப்புத் திரவத்தைப் பற்றி, நம் ஊர்க் காப்பியை மதிப்பவன் என்ற முறையில், வாய் திறக்கமாட்டேன்.

தோட்டத்துக் கணக்கர் நிலையத்தில் விசாரித்துக் கடைக்கே தேடிக்கொண்டு வந்துவிட்டார். அங்கே அவர்களைக் கிராணி என்பார்கள். கோவிந்தசாமி என்று பெயர், தஞ்சாவூர்க்காரர், தோட்டத்துக்கு வந்து வெகு காலமாகிவிட்டது.

"நல்ல வேளையா வந்து சேந்தீங்க சார். தோட்டத்துல இன்னொரு மாட்டுவண்டி தயாரா நிக்குது. ஒரு பொம்பளைய தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஏத்தணும். மெட்ராஸ்லருந்து மனசு டாக்டரு வாராரு, அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும்னு தொரை நிப்பாட்டி வெச்சிருக்காரு."

"நான் டாக்டர் இல்லையே."

"அதெல்லாம் தொரைகிட்ட சொல்லிக்கலாம்லா. ஏறுங்க."

ராவுத்தர் என்னைப் பார்த்தார், கிராணியைப் பார்த்தார். அழைத்துப்போக ஆள் வந்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

மாட்டுவண்டியில் போகும்போது மெல்ல விசாரித்தேன். அந்தப் பெண் பெயர் அஞ்சலை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். கணவன் மாரி, அவனும் பால் வெட்டுகிறவன். நடை பழகும் வயதில் ஒரு பெண் குழந்தை.

"என்ன செய்கிறாள்? அடிக்கிறாளா? கத்துகிறாளா?"

"சேச்சே. உத்தரவு இல்லாம வேலைக்குப் போறா சார்."

"வேலைக்குப் போகாமல் நிற்கிறாளா?"

"இல்ல சார், போறா. அதான் தொந்தரவு."

விடியற்காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கூலிகளை மேய்க்கும் கங்காணி ஒவ்வொரு பெயராகப் படிப்பார். அதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். பெயர் படித்த பிறகுதான் வாளியைத் தூக்கலாம். அஞ்சலை பெரட்டில் நிற்பதில்லையாம். தானே எழுந்து, தானே போய், தன் மரங்களை எல்லோருக்கும் முன்னால் வெட்டி முடித்துவிட்டு வந்துவிடுகிறாளாம். கங்காணி வைதார், அரை நாள் பேர் வெட்டிக் கூலியைப் பிடித்தார், மாரியைக் கூப்பிட்டு மிரட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அவளுக்குக் கீலா, அதாவது பைத்தியம், என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லிவிட்டார். துரைக்கும் அது சரியென்றே பட்டது. புத்தி சரியாக இருக்கும் எந்தக் கூலி சொல்லாமல் வேலை செய்வான் என்று கேட்டாராம்.

"அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் எப்போது திரும்பி வருவாள்?" என்றேன்.

"யாருக்குத் தெரியும் சார்? தோட்டத்துக்குத் திரும்ப எடுத்துக்க மாட்டாங்க. அது மட்டும் தெரியும்."

வண்டி தோட்டத்துப் பாதைக்குத் திரும்பியது. பிறகு கிராணிக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"அப்ப நீங்க டாக்டரு இல்லையா சார்?"

"இல்லை."

"ஆத்மா பரமாத்மான்னு பேசுறவங்களும் இல்லையா?"

"அவர்களிடமிருந்து பாகம் பிரித்துக்கொள்ளப் போகிறோம்."

"பாகத்துல என்ன வருது?"

"இந்தக் கடிகாரம்."

கிராணி திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். "ஏமாத்திட்டாங்க சார்" என்றார்.

மறுநாள் காலை ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில் என் சோதனைச்சாலையைத் திறந்தேன். அந்த நாற்றத்தை ஜெர்மன் பெரியவர் முகர்ந்திருந்தால் மனத்தைத் தத்துவக்காரர்களிடமே விட்டுவிட்டு ஓடியிருப்பார். ஒரு மேஜை, அதன்மேல் பெட்டி, எதிரே ஒரு முக்காலி. என் பின்னால் கங்காணி வந்து நின்றுகொண்டார். தலையில் முண்டாசு, மேலே கறுப்புக் கோட்டு, கையில் பூண் போட்ட பிரம்பு. "நான் இல்லாட்டி ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டான் சாமி" என்றார். உதவிக்கு ஆள் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

ஒவ்வொருவராக வந்து முக்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள். விளக்கு எரிந்ததும் விசையை அமுக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னேன். எல்லோரும் "சரிங்க சாமி" என்றார்கள். விளக்கு எரியும். ஆள் அப்படியே உட்கார்ந்திருப்பான். பிறகு அமுக்குவான். முள்ளைப் பார்த்தால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம், அதுவும் மிக மெதுவான நேரம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த நாட்டுச் சோதனைச்சாலையிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். சுறுசுறுப்பானவன் இருப்பான், சோம்பேறி இருப்பான். இங்கேயோ கிழவன் முதல் குமரி வரை ஒரே அளவு. ஒரு ஜனக்கூட்டத்துக்கே ஒரே மனம் என்பதை நான் கண்டுபிடித்துவிட்டேன். இனிமேல் தனித் துறையை யார் தடுப்பது? "தோட்டத் தொழிலாளரின் மனம் மந்தமானது, ஆனால் ஒரே சீரானது." இந்த வாக்கியத்தை அன்று மத்தியானம் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டே மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். இனித்தது.

சாயங்காலம் துரை என்னைத் தேநீருக்கு அழைத்தார். பங்களா வராந்தாவில் பிரம்பு நாற்காலி போட்டு, பிஸ்கட்டு கொடுத்து, ஆங்கிலத்தில் பேசினார். என் கண்டுபிடிப்பைச் சொன்னேன்.

"நான் எப்போதும் சொல்வதுதான். இவர்கள் எல்லாம் ஒரே அச்சு. ஆனால் நான் சொன்னால் அபிப்பிராயம், உங்கள் கடிகாரம் சொன்னால் சாஸ்திரம்" என்று மகிழ்ந்தார். "நாளைக்கு அந்தப் பெண்ணையும் அளந்துவிடுங்கள். வண்டிக்காரன் சும்மா உட்கார்ந்து தின்கிறான்."

மறுநாள் முதலில் வந்தவன் மாரி, அஞ்சலையின் கணவன். ஒல்லியான ஆள். வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். தான் சரியாகச் செய்தால் மனைவிக்கு நல்லது நடக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். விசையின்மேல் விரலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

அந்த நேரத்தில் கங்காணி வெற்றிலையைத் துப்ப வெளியே போனார்.

நான் விளக்கைப் போட்டேன். மாரி விளக்கைப் பார்த்தான். அமுக்கவில்லை. முள் சுற்றிச் சுற்றி வந்தது. என்னைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். நெற்றியில் வியர்வை வழிந்தது. அப்போதும் அமுக்கவில்லை.

"ஏன் அப்பா, விளக்கு தெரியவில்லையா?"

"தெரியுது சாமி."

"பின்னே ஏன் அமுக்கவில்லை?"

"கங்காணி இன்னும் கனைக்கலியே சாமி."

கடிகாரத்தை நிறுத்தினேன். பிறகு நேற்று முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் விளக்கு எரிந்த பிறகு கங்காணி தொண்டையை ஒரு தடவை கனைப்பார். ரப்பர்ப் புகை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். பெரட்டில் பெயர் படித்துவிட்டு அவர் கனைத்தால்தான் வாளியைத் தூக்கலாம். அதே வழக்கத்தை என் சோதனைக்கும் கொண்டு வந்திருக்கிறார்கள்.

"நான்தானே விளக்கைப் பார்த்து அமுக்கச் சொன்னேன்?"

"சொன்னீங்க சாமி. நீங்க கப்பல் ஏறிப் போயிருவீங்க. கங்காணி சொல்லாம நான் அமுக்கிட்டா, என்னையும் கீலான்னு வண்டியில ஏத்திருவாங்கல்ல? புள்ளய யாரு பாப்பா?"

வெட்கமாக இருந்தது. கடல் கடந்து, கோழி எச்சத்தைத் துடைத்து, ஜெர்மன் கடிகாரத்தைச் சுற்றவிட்டு நான் அளந்து வந்தது தொழிலாளரின் மனத்தை அல்ல, ஒரு கங்காணியின் தொண்டையை. அந்தத் தொண்டை மந்தமானது, ஒரே சீரானது. தத்துவக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே செய்யும் தப்பை நாங்கள் இயந்திரம் வைத்துச் செய்திருக்கிறோம். முன்னேற்றம்தான்.

வாயைத் துடைத்துக்கொண்டு கங்காணி திரும்பி வந்தார். பின்னாலேயே துரையும் வந்தார். மாரியை எழுப்பிவிட்டு அஞ்சலையை உள்ளே கொண்டுவரச் சொன்னார்கள். அவள் தானே நடந்து வந்தாள். கட்டுக்குட்டான பெண். தலையில் பால் கறை படிந்த துணி. யாரும் சொல்வதற்கு முன்பே முக்காலியில் நிறைய உட்கார்ந்துகொண்டாள்.

விளக்கைப் போட்டேன். டக்கென்று அமுக்கினாள். முள் அசைந்ததா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. திரும்பப் போட்டேன். திரும்ப டக். கங்காணியின் கனைப்பு இரண்டு தடவையும் பின்னால் தனியாக வந்து விழுந்தது.

"பாத்தீங்களா சாமி!" என்று கங்காணி பிரம்பை ஆட்டினார். "உத்தரவு இல்லாமயே அமுக்குறா. இதான் இவளுக்கு வியாதி."

"வெளக்கு எரிஞ்சா அமுக்கச் சொன்னாங்க. எரிஞ்சுச்சு, அமுக்குனேன்" என்றாள் அஞ்சலை. "இதுக்கு ஒரு கனைப்பு வேறயா?"

"பெரட்டுக்கு ஏனம்மா நிற்பதில்லை?" என்று நான் கேட்டேன்.

"எம் பேரு எனக்குத் தெரியும்லா. அவரு படிச்சுச் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

துரை முள்ளைக் குனிந்து பார்த்தார். நேற்றைய அளவுகள் அவருக்கு நன்றாக நினைவிருந்தன. பாவி, நான்தான் பிஸ்கட்டு தின்றுகொண்டே விளக்கிச் சொல்லியிருந்தேனே.

"தெளிவாகிவிட்டது. மற்றவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி. இவள் மட்டும் வேறு. எல்லோரும் இருப்பது போல இல்லாதவள் புத்தி சரியில்லாதவள். உங்கள் சாஸ்திரமே சொல்லிவிட்டது. கிராணி, வண்டியைக் கொண்டுவா."

வாசலில் மாரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அழக்கூட அவன் கங்காணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் மூண்டது. கங்காணிமேல் கோபம், துரைமேல் கோபம், எல்லோரையும்விட அந்தப் பித்தளைப் பெட்டியின்மேல் கோபம். அளவுகள் செல்லாது என்று உடைத்துச் சொல்லலாம். சொன்னால் அறிக்கை போயிற்று, தனித் துறை போயிற்று, விரிவுரையாளர் பதவியும் போயிற்று. இதெல்லாம் போனாலும் துரை கேட்பாரா? கங்காணியின் கனைப்பைப் பற்றிச் சொன்னால், அது ஒழுங்கின் அடையாளம் என்று கங்காணிக்குச் சம்பளம் உயர்த்துவார். நான் தியாகி இல்லை. ஆனால் பல வருஷம் தத்துவ இலாகாவில் குப்பை கொட்டியவன். எதிராளியின் வாதத்தை அவர் தலையிலேயே திருப்பி வைக்க மட்டும் அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"துரை அவர்கள் சொல்வது சரி" என்றேன். "ஆனால் சாஸ்திர முறைப்படி ஒப்பிட்டுப் பார்க்க, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு மனத்தின் அளவும் வேண்டும். இந்தத் தோட்டத்தில் அப்படிப்பட்ட மனம் தங்களுடையதுதான்."

துரைக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. தொப்பியைக் கழற்றிக் கிராணியிடம் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

விளக்கைப் போட்டேன். துரை டக்கென்று அமுக்கினார். கங்காணி பழக்க தோஷத்தில் கனைத்தார். கனைப்பு இந்தத் தடவையும் தனியாக வந்து விழுந்தது. மாரி வாயைப் பிளந்துகொண்டு துரையைப் பார்த்தான். கங்காணி பிரம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

துரை முள்ளைப் பார்த்தார். அஞ்சலையின் அளவும் அவருடைய அளவும் அக்காள் தங்கை மாதிரி ஒட்டி நின்றன.

"நான் டாக்டர் இல்லை" என்று மிகவும் பணிவாகச் சொன்னேன். "ஆனால் இதைக் காரணமாகக் காட்டி இவளை அனுப்பினால், அங்குள்ள டாக்டர் படித்தவர், ஒப்பிட்டுப் பார்க்க எல்லா அளவுகளையும் கேட்பார். தங்களுடையதையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். சாஸ்திரம் அப்படி."

துரை எழுந்தார். காது மடல் சிவந்திருந்தது. தொப்பியை வாங்கி முன்பின் மாற்றி வைத்துக்கொண்டு மறுபடி சரியாக வைத்துக்கொண்டார். "உங்கள் இயந்திரம் பழுதாகியிருக்கிறது. கப்பலில் குலுங்கியிருக்கும்" என்றார். பிறகு கங்காணியைப் பார்த்து, தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழில் கத்தினார்: "வண்டி வேணாம்! அந்தப் பொம்பளை வெள்ளன போகட்டும். எவன் கேக்குறது? நான் உத்தரவு!"

கங்காணியின் முகம் தெளிந்துவிட்டது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். "உத்தரவு ஆயிருச்சு" என்று என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். "இனிமே அவ உத்தரவுப்படிதான் போறா. கீலா தெளிஞ்சிருச்சு சாமி."

அந்த வண்டியிலேயே பெட்டியோடு என்னை மறுநாள் காலை அனுப்பிவிடும்படி துரை சொல்லிவிட்டார். இருட்டுப் பிரியும் நேரத்தில் புறப்பட்டபோது பெரட்டு நடந்துகொண்டிருந்தது. முதல் ஆளாக அஞ்சலை நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நீ நிக்க வேணாம் தாயி, போ. தொரை உத்தரவு" என்று கங்காணி கெஞ்சினார்.

"தொரை உத்தரவுன்னா மொறையாப் பேரு படிச்சு அனுப்புங்க."

கங்காணி வேறு வழியில்லாமல் அவள் பெயரை முதலில் படித்தார்.

"காது கேக்கல. இன்னொரு தரம்" என்றாள்.

அவர் இன்னொரு தரம் படித்தார். வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கங்காணி கனைப்பதற்குள் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டாள். மாரி மட்டும் கனைப்புக்காக நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் இப்போது பயம் இல்லை. அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஈப்போவில் ராவுத்தர் கடைக்குள் நுழைந்ததும் அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்குள்ள விட்டுட்டாங்களா தம்பி? நான் சொன்னேன்ல, நல்லா ஆயிரும்னு." மறுக்கவில்லை. மீன் குழம்பு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஊர் திரும்பி, நடந்ததை நடந்தபடி எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தேன். கங்காணியின் கனைப்பு வரும் இடங்களை எல்லாம் அவர் அடித்துவிட்டார். "தொண்டை சம்பந்தப்பட்டதெல்லாம் வைத்திய இலாகா. நாம் இப்போதுதான் தனியாகப் போகிறோம், அக்கம்பக்கத்தாரோடு எல்லைத் தகராறு வேண்டாம்" என்றார். மிஞ்சியது முதல் நாள் அளவுகளும் என் இனிப்பான வாக்கியமும்தான். கமிட்டிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அப்படித்தான் எங்கள் கல்லூரியில் மனோதத்துவம் தனித் துறையாயிற்று. பேராசிரியருக்கு மாடியில் தனி அறையும், வாசலில் பெயர்ப் பலகையும் கிடைத்தன.

திறப்பு விழா அன்று கமிட்டியார் முன்னிலையில் பெட்டியை வைத்துச் செய்து காட்டினோம். கல்லூரி ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வந்து முக்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் மேல்படிப்பு படித்தவர்கள், இரண்டு பேர் சீமைக்குப் போய் வந்தவர்கள். விளக்கு எரிந்தது. ஒவ்வொருவரும் பின்னால் நின்ற பேராசிரியரைக் கடைக்கண்ணால் பார்த்தார்கள். பேராசிரியர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். விரல்கள் இறங்கின. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆசிரியர்களின் ஒற்றுமையைக் கமிட்டி மெச்சியது.

கடைசியாக என்னை உட்காரச் சொன்னார்கள். விளக்கு எரிந்தது. நான் அமுக்கினேன். கனைப்பு என் முதுகுக்குப் பின்னால் தனியாக வந்து விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வையைக் கொட்டகையில், அஞ்சலையைப் பார்த்த கங்காணியிடம், ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். புதுத் துறையின் ஒழுங்குக்கு நான் பொருந்தமாட்டேன் என்று மறுவாரமே தீர்மானமாகி, என்னைத் தத்துவ இலாகாவுக்கே திருப்பி ஏற்றிவிட்டார்கள். பேராசிரியரை அந்த முக்காலியில் உட்காரச் சொல்ல எங்கள் கல்லூரியில் ஓர் ஆள்கூட இல்லை.